செயற்கை இடுப்புத் தண்டின் அயர்வுச் சோதனை: 1800 நியூட்டன் என்னும் சராசரியை வாசித்த முறை பற்றி

ஐஎஸ்ஓ 7206-4 தரநிலை விதிக்கும் 2300 நியூட்டன், அன்றாடம் இடுப்பில் விழும் சுமையைவிட அதிகம், அதில் 50 லட்சம் சுமைச் சுற்றுகள் தாங்கிய தண்டு உடலிலும் தாங்கும் என்றொரு வாதம் வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாகப் பெர்லினின் பெர்க்மன் குழு 2010இல் வெளியிட்ட சுமைத் தொகுப்பைக் காட்டுவதுண்டு. அந்தத் தொகுப்பே இவ்வாதத்துக்கு எதிரான சான்று என்பது என் துணிபு.

4 நோயாளிகளின் உடலுக்குள்ளேயே, உணரி பொதிந்த மூட்டுகளால் விசையை அளந்தது அக்குழு. நடமாட்டக் கணக்கை 31 பேரின் பதிவுகளிலிருந்து எடுத்தது. நடக்கையில் உச்ச விசையின் சராசரி 1800 நியூட்டன், படியேறுகையில் 1900. மேற்கோள்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. அடுத்து வரும் உயர் உச்சங்கள் நடைக்கு 3900, படியேற்றத்துக்கு 4200. கால் இடறினால் 11,000.

அயர்வுக் கணக்கில் சராசரிக்கு இடம் குறைவு. சேதம் விசைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, அடுக்கு விதிப்படி ஏறுகிறது. அடுக்கெண்ணைக் கணக்குக்காக 10 என வைத்தால், 3900 நியூட்டனில் ஒரு சுற்று 2300இல் ஏறத்தாழ 200 சுற்றுகளுக்குச் சமம். உலோகத்தையும் மேற்பரப்பையும் பொறுத்து அடுக்கெண் மாறும் என்பதால் 200ஐ அறுதியாகக் கொள்ள வேண்டாம். ஆயினும் கணக்கு சாயும் பக்கம் மாறாது. சுற்றுகளின் எண்ணிக்கையும் ஆறுதல் தரவில்லை. சுறுசுறுப்பான நோயாளிக்கு 1 கோடி சுற்றுகள் என்பது 3.9 ஆண்டு வாழ்வு என்கிறது அதே ஆய்வு. அப்படியானால் 50 லட்சம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோதனையில் தண்டின் கீழ்ப்பகுதியை மட்டும் இறுகப் பதித்து, மேற்பகுதியை ஆதரவின்றி விடுகிறார்கள். மேலே எலும்பின் பிடி தளர்ந்த நிலை அது. இந்தக் கடுமை குறைந்த சுமையை ஈடுசெய்கிறது என்பர். வளைவைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். முறுக்கத்துக்கு இது செல்லாது என்றே கருதுகிறேன். படியேறுகையில் முறுக்கம் நடையைவிட 50 விழுக்காடு கூடுகிறது. சோதனை எந்திரமோ முதல் சுற்று முதல் கடைசிச் சுற்று வரை ஒரே திசையில்தான் அழுத்துகிறது.

4 பேர் போதாது என்பாரும் உளர். இன்னும் பலரை அளந்தால், கண்ட உச்சம் கூடலாமே தவிரக் குறையாது. இதே தரநிலை வரிசையின் 7206-6 கூடுதலாக 5340 நியூட்டன் கேட்கிறதே என்றும் சொல்லலாம்; அது தண்டின் கழுத்துப் பகுதியைச் சோதிப்பது. தண்டின் உடற்பகுதியைப் பற்றிய வழக்கில் அதற்கு வேலையில்லை.

எடை மிகுந்த, ஓயாது நடமாடும் நோயாளிகளுக்கேனும் உண்மைச் சுமை தரநிலையைவிடக் கடுமையானது என்று பெர்க்மன் குழுவே முடிவு கூறியிருக்கிறது. எனவே தரநிலைக் குழுவினர் ஒற்றைச் சுமையைக் கைவிட்டு, நடை, படியேற்றம், இடறல் மூன்றையும் அவற்றுக்குரிய திசையிலும் விகிதத்திலும் கலந்த சுமைத்தொடரைச் சோதனையில் சேர்க்க வேண்டும்.