இடுப்பு வலியை அலட்சியம் செய்யலாகாது

முதுகின் அடிப்பகுதி நொந்தாலும் தொடையின் மேற்புறம் நொந்தாலும் அதனை 'இடுப்பு வலி' என்றே நாம் கூறுகின்றோம். ஆனால் வைத்தியருக்கு வலியின் இடமே முதலாவது தடயமாகும். இடுப்பு மூட்டில் எழும் வலி பெரும்பாலும் கவட்டிலும் தொடையின் முன்புறத்திலும் உணரப்படும். பிட்டத்தில் தொடங்கிக் காலின் பின்புறமாக இறங்கும் வலி அநேகமாக முள்ளந்தண்டைச் சார்ந்தது. இடுப்பின் வெளிப்புறத்தில், அப்பக்கமாகப் படுக்கும்போது அதிகரிக்கும் வலிக்குத் தசைநாண்களின் பாதிப்புக் காரணமாகலாம்.

50 வயதைக் கடந்தோரிடையே மூட்டுத் தேய்வே முக்கிய காரணமாகும். நிலத்தில் அமர்ந்தெழுவதும் தொழுகையில் அமர்வதும் இவர்களுக்குப் படிப்படியாகக் கடினமாகும். இளவயதினரிடம் காலையில் 30 நிமிடங்களுக்கு மேல் விறைப்பு நீடித்து, நடமாடும்போது அது குறையுமாயின் அழற்சி சார்ந்த வாத நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீரொயிட் மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வோருக்கும் மிதமிஞ்சி மது அருந்துவோருக்கும் தொடை என்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்தோட்டம் தடைப்பட்டு, அவ்வென்பு சிதைவடையக்கூடும். எனவே பெயரறியாத மாத்திரைகளை வலிக்கென விழுங்குவது ஆபத்தானது.

சிறுவர்கள் விடயத்தில் கூடுதல் அவதானம் அவசியமாகும். இடுப்பு மூட்டு பாதிக்கப்பட்ட பிள்ளை முழங்கால் நோவதாகவே முறையிடலாம். காய்ச்சலுடன் பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் மூட்டில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அன்றைய தினமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முதியோர் வழுக்கி விழுந்தால் எண்ணெய் பூசி உருவிவிட்டுப் படுக்கையில் கிடத்தும் வழக்கம் எம்மிடையே இன்னும் மறையவில்லை. விழுந்தவரின் கால் குறுகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தால் தொடை என்பின் மேற்பகுதி முறிந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சிலரால் முறிவுடனும் ஓரிரு அடிகள் நடக்க முடியும் என்பதையும் மறக்கலாகாது. படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் படுக்கைப் புண், நியூமோனியா, இரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகளை அதிகரிக்கின்றது. இயன்றவரை ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே உயிர்காக்கும் வழியாகும்.

1962இல் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாக நிலைநிறுத்தியதிலிருந்து, முடங்கிக் கிடந்த பலர் மீண்டும் நடக்கின்றனர். 'வயதானால் வலி இயல்புதான்' என்று கூறி எமது பெற்றோரை வேதனையில் விட்டுவிடுவதற்கு இன்று நியாயமில்லை.