காத்திருப்பு அறையில் ஒரு தாய்

என்னிடம் முதுகலைத் தமிழ் பயின்று, பின்னர் உளவியலுக்கு மாறி, இன்று உளநல ஆலோசகராகப் பணிபுரியும் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, சூப்பர்விஷன் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும்" என்றார். "மேற்பார்வை" என்றேன் தயங்காமல். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அது சாலை போடுகிற இடத்தில் குடை பிடித்து நிற்பவருக்குப் பொருந்தும், ஐயா. எங்களுக்குப் பொருந்தாது" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். ஆலோசகர் தம்மை நாடி வருவோரின் துயரங்களை நாள்தோறும் கேட்கிறார். கேட்டவற்றைச் சுமந்துகொண்டு மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் குறித்த நேரத்தில் சென்று அமர்கிறார். என்ன கேட்டேன், என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன், யார்மீது எனக்குக் காரணமின்றிச் சினம் வந்தது என்பனவற்றையெல்லாம் அங்கே பேசுகிறார். இச்சந்திப்பு எவ்வளவு பயன் தரும் என்பது, இளையவர் மூத்தவரிடம் எவ்வளவு அச்சமின்றி இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பிணைப்புக் கோட்பாட்டைப் பின்பற்றுவோர் கருதுகின்றனர். இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது 1938ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்னை வெகுவாகப் பற்றிக்கொண்டது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சிகிச்சையாளரை மற்றொருவர் நெறிப்படுத்தும் வழக்கம் உளப்பகுப்பாய்வின் தொடக்க காலத்திலேயே முளைவிட்டது. வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டின் இல்லத்தில் 1902 முதல் புதன்கிழமைதோறும் கூடியவர்கள் தாம் கண்ட நோயாளிகளைப் பற்றி உரையாடினர். ஆயினும் அதை ஒரு பயிற்சி முறையாக வகுத்தது பெர்லின் நகரம்தான். மாக்ஸ் ஐடிங்கானும் அவர்தம் நண்பர்களும் 1920இல் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினர். பயிற்சி பெறுவோர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுதல், கோட்பாட்டைக் கற்றல், மூத்தவரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்தல் என்னும் மூன்று கால்களில் அப்பயிற்சி நின்றது. மூன்றாவதற்கு அவர்கள் இட்ட பெயரில் 'கட்டுப்பாடு' என்ற சொல்லே இருந்தது. நோயாளிக்குத் தீங்கு நேராமல் காப்பதும் மாணவர் நெறி பிறழாமல் பார்ப்பதும் அதன் நோக்கங்கள். மாணவரின் அச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி அந்தப் பெயரில் இல்லை.

புடாபெஸ்ட் நகரத்தார் வேறுவிதமாக எண்ணினர். மாணவரைப் பகுப்பாய்வு செய்தவரே அவருடைய முதல் நோயாளி பற்றிய உரையாடலையும் நடத்த வேண்டும், அப்போதுதான் நோயாளி மாணவரின் உள்ளத்தில் எழுப்பும் அலைகளையும் பேச முடியும் என்பது அவர்கள் வாதம். கற்பிப்பதும் சிகிச்சையளிப்பதும் வெவ்வேறு ஆட்களின் வேலை என்றனர் மற்றவர்கள். இவ்வழக்கு இன்றுவரை முழுதும் தீரவில்லை.

பெர்லினில் சில ஆண்டுகள் பணியாற்றிய மெலனி க்ளைன் 1926இல் லண்டனில் குடியேறினார். குழந்தையின் விளையாட்டையே அதன் மொழியாகக் கொண்டு உள்ளத்தைப் படித்தறிந்தவர் அவர்; அத்துறையின் பேராளுமைகளுள் ஒருவர். அவரிடம் பயிற்சிக்கு வந்தவர் ஜான் பௌல்பி. 1907இல் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அக்கால மேல்குடி வழக்கப்படி செவிலியர் கையில் வளர்ந்தவர். தாம் மிகவும் நேசித்த செவிலிப் பெண்ணை நான்கு வயதளவில் பிரிந்தவர். 1937இல் உளப்பகுப்பாய்வாளராகத் தகுதி பெற்று, அடுத்து குழந்தைகளுக்கான பயிற்சியில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த குழந்தை மூன்று வயதுச் சிறுவன், ஓரிடத்தில் நில்லாதவன். அவனை அழைத்துவரும் தாய் வெளியே காத்திருப்பு அறையில் அமர்ந்திருப்பார். கைகளைப் பிசைந்துகொண்டு, முகம் இறுகி அமர்ந்திருக்கும் அப்பெண்ணை பௌல்பி ஒவ்வொரு முறையும் கடந்து செல்வார். அவருடன் பேச வேண்டும் என்று பௌல்பிக்குத் தோன்றியது. க்ளைன் அனுமதிக்கவில்லை. சிறுவனின் உள்ளத்துக்குள் நிகழ்வதே சிகிச்சைக்குரியது, தாயுடன் பேசுவது அதைக் கலைத்துவிடும் என்பது அவர் கொள்கை. மூன்று மாதங்கள் சென்றன. ஒருநாள் சிறுவன் வரவில்லை. தாய் மனம் பேதலித்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுவிட்டார் என்ற செய்தி வந்தது. பௌல்பி அதைச் சொன்னபோது, சிறுவனை அழைத்துவர ஆளில்லாமல் பயிற்சி தடைப்பட்டதே க்ளைனுக்குப் பெரிதாகப் பட்டது என்றும், அது தம்மைத் திடுக்கிடச் செய்தது என்றும் அவர் முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். இந்நிகழ்ச்சியைப் பௌல்பியின் வாய்மொழியாகவே அறிகிறோம். அவர் இதைச் சொல்லும்போது க்ளைன் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய்மார்களின் குறுக்கீட்டால் குழந்தையின் சிகிச்சை பாழாவதைக் கண்ட அனுபவமும் க்ளைனின் கண்டிப்புக்குப் பின்னே இருந்திருக்கலாம். எனவே ஒருவரைக் கொடியவர் என்றும் மற்றவரை நல்லவர் என்றும் தீர்ப்பெழுதுவது என் நோக்கமன்று. அந்த அமைப்பையே நான் பார்க்கிறேன். உள்ளறையில் ஒரு சிறுவன், வெளியறையில் அவன் தாய், இருவருக்கும் இடையே ஓர் இளம் மருத்துவர். தாயின் துயரைக் கண்டுகொள்ள யாரும் இல்லை. கண்டு கலங்கிய மருத்துவரின் கலக்கத்தைக் கேட்கவும் யாரும் இல்லை. அவர் கண்ணில் பட்ட உண்மை, நெறிப்படுத்தும் அறைக்குள் நுழைய இடமின்றி வாசலிலேயே நின்றுவிட்டது.

பௌல்பி அதை மறக்கவில்லை. 1946இல் டாவிஸ்டாக் நிலையத்தின் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமையேற்றபோது, அதைக் 'குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான பிரிவு' என்று பெயர் மாற்றினார். 1949இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பெற்றோரையும் குழந்தையையும் ஒன்றாக அமரவைத்துப் பேசும் முறையை விவரித்தார்; குடும்ப சிகிச்சையின் முன்னோடி எழுத்துகளுள் ஒன்றாக அதைக் கருதுவர். காத்திருப்பு அறையில் இருந்த தாய் பதினோரு ஆண்டுகள் கழித்து உள்ளே அழைக்கப்பட்டார் எனலாம்.

அவருடன் பணியாற்றியோரின் வரலாறும் கவனத்துக்குரியது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1948இல் அவரிடம் சேர்ந்து, மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1952இல் அவர் எடுத்த திரைப்படம், எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் மௌனத் துயரைக் காட்டியது. மருத்துவ உலகில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பௌல்பி உடன் நின்றார். 1950இல் விளம்பரம் கண்டு வந்து சேர்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த், 1954இல் உகாண்டா சென்று கம்பாலாவை அடுத்த ஊர்களில் இருபத்தாறு குடும்பங்களின் கைக்குழந்தைகளைக் கவனித்தார். தாயிடமிருந்து தவழ்ந்து விலகி, உலகைத் துழாவிவிட்டு, மீண்டும் தாயிடம் வந்து தொட்டுச் செல்லும் குழந்தையை அங்கே கண்டார். அத்தாயைக் குறிக்க வழங்கிய தொடர்தான் 'பாதுகாப்பான தளம்'. அண்டி நிற்பவனே அஞ்சாமல் அகன்று செல்கிறான் என்னும் இந்த முரண்தான் பிணைப்புக் கோட்பாட்டின் உயிர்நிலை.

நம் அறநூல்களில் பற்று என்பது பெரும்பாலும் விடத்தக்கது. தமிழ் படித்தவனாகிய எனக்கு முதலில் இக்கோட்பாடு சற்று அந்நியமாகத் தோன்றியது இதனால்தான். ஆனால் பௌல்பி சொல்லும் பிணைப்பு தளையன்று, பாசறை. திரும்பிவர ஒரு பாசறை இருப்பதால்தான் படை முன்னேறத் துணிகிறது. இந்த உவமையை அவரும் கையாண்டிருக்கிறார். 1988இல் வெளிவந்த நூலுக்குப் 'பாதுகாப்பான தளம்' என்றே பெயரிட்டு, சிகிச்சையாளர் நோயாளிக்கு அத்தகைய தளமாக வேண்டும் என்றார்.

அப்படியாயின் சிகிச்சையாளருக்குத் தளம் எது? இக்கேள்விக்கான பாதையைச் சிலர் முன்பே செப்பனிட்டிருந்தனர். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நிகழ்வது, சிகிச்சையாளருக்கும் நெறியாளருக்கும் இடையே நிழல்போல மீண்டும் நிகழ்வதை ஹரால்ட் சியர்ல்ஸ் 1955இல் எடுத்துக்காட்டினார். 1995இல் கேரல் பிஸ்டோல், எட்வர்ட் வாட்கின்ஸ் ஆகிய இருவரும் பிணைப்புக் கோட்பாட்டை நேரடியாக நெறிப்படுத்தலுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதினர். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, பயிற்சியாளர்களுள் ஏறத்தாழ எல்லோருமே தம் நெறியாளரிடம் எதையோ மறைக்கின்றனர் என்று கண்டது. அச்சமுள்ள இடத்தில் பிழை ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த பிழையின் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

இதன் பொருள் நெறியாளர் கண்டிக்கவே கூடாது என்பதன்று. மாணவரை நோயாளியாக்கிச் சிகிச்சையளிக்க வேண்டும் என்பதுமன்று. புடாபெஸ்டின் வழக்கு நினைவிருக்கட்டும்: மாணவரின் கலக்கத்தைக் கேட்பது நோயாளியின் நலன் கருதியே. தவற்றைச் சுட்டும்போதும் உறவு அறுந்துவிடாது என்ற உறுதி மாணவருக்கு இருந்தால் போதும். தாய் விலகிச் செல்லும் குழந்தையைத் தடுப்பதுமில்லை; திரும்பி வரும்போது கணக்குக் கேட்பதுமில்லை.

இதை எழுதும்போது என் மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஆய்வுப் பட்டத்துக்காகக் கள ஆய்வு செய்தவர், பதிவு செய்த நாடாக்கள் மழையில் கெட்டுப்போனதை ஒரு பருவம் முழுக்க என்னிடம் சொல்லவில்லை. வாரந்தோறும் வந்து, "நடந்துகொண்டிருக்கிறது, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மை தெரிந்தபோது அவருடைய நேர்மையின்மையைப் பற்றித்தான் நான் பேசினேன். நெறியாளர் என்று அவருடைய ஏட்டில் கையொப்பமிட்டிருந்தவன் நான். ஏன் என்னிடம் சொல்ல முடியவில்லை என்று அவரிடம் கேட்கவில்லை. அதற்கான விடை என் முகத்திலேயே இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாணவி கேட்ட சொல்லை இன்னும் நான் தரவில்லை. நெறிப்படுத்தல் என்பது கல்விக்குரியதாக ஒலிக்கிறது. துணைநிற்றல் என்பதில் பொறுப்பின் கனம் குறைகிறது. மேலிருந்து பார்ப்பதையும் அருகிருந்து தாங்குவதையும் ஒருங்கே உணர்த்தும் சொல் நண்பர்களுக்குத் தெரிந்தால் தெரிவியுங்கள். அவரிடம் சேர்ப்பிக்கிறேன்.