பிடித்ததை என்ன செய்வது? அயனிப் பரிமாற்றப் பொருள்களை மதிப்பிடும் முறை குறித்து

கதிரியக்க நீரைச் சுத்திகரிக்கும் அயனிப் பரிமாற்றப் பொருள்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: ஒரு கிராம் பொருள் எவ்வளவு சீசியத்தைப் பிடிக்கும்? இந்த அளவுகோல் போதாது. சீசியத்தைச் சுமந்த அந்தப் பொருளின் கதி என்ன என்பதிலிருந்தே தெரிவு தொடங்க வேண்டும். நீர் தூய்மையாவதால் கதிரியக்கம் அழிவதில்லை. சிறிய இடத்தில் செறிந்துகொள்கிறது. சீசியம்-137இன் அரைவாழ்வு சுமார் 30 ஆண்டுகள். அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது 2011 மார்ச்சில் உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீர் பாய்ச்சப்பட்டது. சோடியம் மலிந்த அந்த நீரிலிருந்து மிகச் சொற்பமான சீசியத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஜூனில் ஹெர்ஷெலைட் என்னும் சியோலைட் நிரப்பிய கலன்கள் இயங்கத் தொடங்கின. சியோலைட் என்பது சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனால் கோக்கப்பட்ட கூடு. அதில் ஒவ்வோர் அலுமினியமும் ஓர் எதிர்மின்சுமையைத் தருகிறது. அதைச் சமன்செய்யச் சோடியம் உள்ளே அமர்ந்திருக்கும். சீசியம் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைத் தளர்வாகவே பற்றியிருப்பதால், அவற்றை எளிதில் உதறிவிட்டு உள்ளே நுழைந்து சோடியத்தை வெளியேற்றுகிறது. அந்த நெருக்கடியில் இதைவிட நல்ல முடிவு வாய்த்திருக்காது என்றே கருதுகிறேன்.

சிக்கல் அதன் பிறகு எழுந்தது. கலனில் எஞ்சும் ஈரத்தைக் கதிர்வீச்சு பிளந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். எஞ்சும் உப்பு எஃகை அரிக்கும். ஆகவே கலன்களை நன்னீரால் அலசி, வாயு வெளியேற வழிவைத்துச் சேமிக்க வேண்டியிருக்கிறது. அதே வளாகத்தில் 2015இல் வேறு கொள்கலன்களின் மூடிமேல் நீர் கசிந்திருந்தது. அவற்றுள் இருந்தது வீழ்படிவுச் சேறு, பரிமாற்றப் பொருள் அன்று. ஆனால் வாயு தேங்கிச் சேறு உப்பியதே காரணம் என்பதால் அந்த அனுபவம் இங்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் வெஸ்ட் வேலி அணுக்கழிவு வளாகத்தில் முடிவைக் கருத்தில் கொண்டே பொருளைத் தேர்ந்தார்கள். சீசியம் ஏறிய சியோலைட்டைக் கழிவுச் சேற்றோடு கலந்து 1996 முதல் 2002 வரை கண்ணாடியாக வார்த்தார்கள். 275 உருளைகள் கிடைத்தன. சிலிக்கனும் அலுமினியமும் கண்ணாடிக்கும் மூலப்பொருள்கள் என்பதால் பிடித்த பொருளே புதைகலமாயிற்று. இதற்கு நேர்மாறானது அதே நாட்டின் சவன்னா ரிவர் வளாகத்தின் அனுபவம். சீசியத்தை வீழ்படிவாக்க அங்கே சேர்த்த டெட்ராபீனைல்போரேட் என்னும் கரிமச் சேர்மம் சிதைந்து பென்சீனை வெளியிட, 1998இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

அப்படியானால் கரிமப் பொருள்களை அடியோடு ஒதுக்கிவிடலாமா? கூடாது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ரெசார்சினால்-ஃபார்மால்டிஹைடு பிசின், பிடித்த சீசியத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் விட்டுக்கொடுக்கும். பிசினை மீண்டும் பயன்படுத்தலாம். சீசியம் தனியே கண்ணாடிக்குப் போகும். கதிர்வீச்சில் பிசின் மெல்லச் சிதையும் என்பது உண்மையே. ஆனால் முக்கியமான சுமை அதைவிட்டு நீங்கியிருக்கும். மறுபுறம், படிகச் சிலிக்கோடைட்டனேட் என்னும் கனிமப் பரிமாற்றப் பொருளின் பலமே அதன் பலவீனம்: 2022 முதல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணுக்கழிவு வளாகத்தில் அது காரக் கழிவிலிருந்து சீசியத்தைச் சிறப்பாகப் பிடிக்கிறது, ஆனால் எளிதில் விடாது. நிரம்பிய கலன்கள் வளாகத்திலேயே நிற்கின்றன. கண்ணாடியில் சேர்க்கலாம் என்றால் அதிலுள்ள டைட்டானியத்துக்கு அங்கே வரம்பு உண்டு.

ஆகவே புதிய பொருளை முன்மொழியும் கட்டுரை, கொள்திறன் அட்டவணையுடன் மூன்று அளவீடுகளையும் தர வேண்டும்: ஈரமாக இருக்கையில் கதிர்வீச்சால் வெளிவரும் ஹைட்ரஜன், கண்ணாடியில் கரையும் உச்ச அளவு, உருக்கும்போது ஆவியாகித் தப்பும் சீசியத்தின் பங்கு. கடைசி அளவீட்டைத் தவிர்க்கவே கூடாது. உருக்குலையின் வெப்பத்தில் சீசியம் எளிதில் ஆவியாகும். நீரில் பிடித்ததைப் புகைவடிகட்டியில் மறுபடியும் பிடிக்க நேர்ந்தால் முதல் பரிமாற்றத்தின் பயனில் பாதி வீணாகிவிடும்.