முற்றத்தில் ஆடிய கிறிஸ்து பிறப்பு



திருவருகைக் காலம் வந்துவிட்டது. குடில் கட்ட வைக்கோலும் மூங்கிலும் வந்து இறங்குகின்றன. இளையோர் கேரல் பவனிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். கூடவே, ஆண்டுதோறும் எழுகிற ஒரு கேள்வியும் எழுகிறது: கோவில் விழாவில் ஆட்டமும் மேளமும் எதற்கு? அமைதியாகச் செபித்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடி, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ நாட்டில் நடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம்.

1521-இல் இஸ்பானியப் படை அஸ்டெக் பேரரசின் தலைநகரைக் கைப்பற்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1523-இல், கென்ட் நகரைச் சேர்ந்த பேத்ரோ தெ காந்தே என்னும் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர் அங்கே போய்ச் சேர்ந்தார். குருப்பட்டம் வேண்டாம் என்று கடைசிவரை சகோதரராகவே வாழ்ந்தவர். அவருக்குத் திக்குவாய். அவர் பேசுவது உடனிருந்த துறவிகளுக்கே சரியாகப் புரியாதாம். ஆனால் அந்த மண்ணின் மக்களுக்கு நன்றாகப் புரிந்ததாம். அவர்களுடைய நாவாட்ல் மொழியைக் கற்று, அதிலேயே மறைக்கல்வி நூலும் எழுதினார்.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது தோல்விதான். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, கூப்பிட்டும் மக்கள் கோவிலுக்கு வரவில்லை. துறவிகளைக் கண்டாலே விலகி ஓடினார்கள். பின்னாளில், 1558-இல், இஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்புக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். அந்த மக்களின் வாழ்வைக் கூர்ந்து கவனித்தபோது ஓர் உண்மை அவருக்கு விளங்கியது. அவர்களுடைய வழிபாடு முழுவதும் பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. ஆடாமல் தெய்வத்தை வணங்க அவர்களுக்குத் தெரியாது.

எனவே அவர் அவர்கள் மொழியிலேயே பாட்டுக் கட்டினார். கடவுள் நம்மை மீட்க மனிதரானார், கன்னி மரியாவிடம் பிறந்தார் என்பதே அந்தப் பாட்டின் பொருள். பாட்டுக்கு ஏற்றபடி மேலாடையில் சித்திரம் தீட்டி ஆடுவது அவர்கள் வழக்கம். மகிழ்ச்சிக்கு ஒரு கோலம், துயரத்துக்கு ஒரு கோலம், வெற்றிக்கு ஒரு கோலம். கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, அந்த மேலாடைகளில் தீட்டுவதற்குச் சித்திரங்களையும் அவர் வரைந்து கொடுத்தார்.

விழா இரவு வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூட மக்கள் வந்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்தாரும் தங்களுக்கென ஒரு பந்தல் போட்டுக்கொண்டார்கள். முற்றம் கொள்ளவில்லை. மீட்பர் பிறந்த செய்தியைத் தங்கள் வாயாலேயே பாடினார்கள். தங்கள் காலாலேயே ஆடினார்கள். அழைத்தபோது ஓடியவர்கள் அன்று தாங்களாகவே வந்தார்கள்.

அன்பானவர்களே, இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. இதே காந்தே தம் மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று, அந்த மக்களின் பழைய கோவில்களை இடித்தவர், சிலைகளை உடைத்தவர். 1529-இல் எழுதிய கடிதத்தில் அதையும் அவரே சொல்கிறார். ஒரு கையால் உடைத்தவர், மறு கையால் சித்திரம் வரைந்து கொடுத்தார். இரண்டும் ஒரே மனிதரின் கைகள். நம் திருச்சபையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கைகளும் உண்டு. எந்தக் கை மக்களைக் கொண்டுவந்தது என்பதை மட்டும் நாம் மறக்க வேண்டாம்.

1587-இல், அகோல்மான் என்னும் ஊரிலிருந்த அகுஸ்தீன் சபைத் துறவி தியேகோ தெ சோரியா, டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் திருப்பலிக்குத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துவிடம் அனுமதி பெற்றார். கோவில் முற்றத்தில் தொடங்கிய அந்த ஒன்பது நாள் கொண்டாட்டம், காலப்போக்கில் தெருவுக்கும் வீட்டுக்கும் இறங்கியது. அதன் பெயர் போசாதா. நம் மொழியில் சத்திரம் என்று சொல்லலாம். மரியா, யோசேப்பு சுரூபங்களை ஏந்தி மக்கள் வீடு வீடாகப் போவார்கள். வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். கடைசியில் ஒரு கதவு திறக்கும். பிறகு செபம், விருந்து, ஆட்டம், பாட்டு. இன்றும் அங்கே டிசம்பர் மாதம் இப்படித்தான் கழிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பங்குகளிலும் கேரல் பவனி வீடு வீடாகப் போகிறது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? நேரமில்லை, வழி சரியில்லை என்று ஆண்டுதோறும் ஒரே தெருவை விட்டுவிடுகிறோமே, அது தற்செயல்தானா? கிட்டாரும் டிரம்ஸும் பீடத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டன. நெருப்பில் காய்ச்சி அடிக்கும் பறை மட்டும் இன்னும் பல இடங்களில் கோவில் வாசலுக்கு வெளியே நிற்கிறது. சாவு மேளம் என்று காரணம் சொல்கிறோம். தோலில் என்ன தீட்டு இருக்கிறது? அடிக்கிற கை யாருடையது என்று பார்த்துத்தானே நாம் கதவைச் சாத்துகிறோம்? இதைச் சொல்லும் குருக்களாகிய நாமும், ஊர்ச் சண்டை வருமே என்று பயந்து வாய்மூடி இருந்திருக்கிறோம். அதற்காக இன்று மன்னிப்புக் கேட்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தர வேண்டும் என்று கற்பிக்கிறது. ஆண்டவரின் பேழைக்கு முன் தாவீது அரசர் ஆடினார். சன்னல் வழியே பார்த்து இகழ்ந்தவர் மீக்கால். அவர் அரண்மனைக்குள் இருந்தார். மகிழ்ச்சியோ தெருவில் இருந்தது.

அப்படியானால் எதையும் எப்படியும் ஆடலாமா? கூடாது. திருப்பலிக்கு அதற்குரிய ஒழுங்கு உண்டு. அதைக் காப்பது நம் கடமை. ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் ஆளை ஒதுக்குவது வேறு. இந்த ஆண்டு ஒன்றே ஒன்றைச் செய்வோம். இதுவரை போகாத தெருவிலிருந்து நம் கேரல் பவனியைத் தொடங்குவோம். அந்தத் தெருப் பிள்ளைகள் பறையோடும் ஒயிலாட்டத்தோடும் முன்னே வரட்டும். நாம் பின்னே நடப்போம். கோவில் முற்றத்துக் குடிலுக்கு முன் அவர்கள் ஆடட்டும்.

பெத்லகேமில் இடமில்லை என்று கேட்ட ஆண்டவர், இன்று நம் வாயிலிருந்து அதே சொல்லைக் கேட்காதிருப்பாராக. ஆமென்.