ரத்தக்காட்டேரிக்கு இங்கே என்ன வேலை?

எங்க செட்டுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போது கதை நடத்துற வேலை பெரும்பாலும் என் தலையிலதான் விழும். (தெரியாதவங்களுக்கு: நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாப் பேசி, பகடை உருட்டிக் கதையைக் கொண்டுபோற ஆட்டம். கதை நடத்துறவர் மட்டும் பேய், வில்லன், சத்திரக்காரர் எல்லாமே.) முதல் தடவை பேய்க்கதை நடத்தினப்போ வில்லனுக்கு எட்டுப் பக்கத்துக்கு ஃப்ளாஷ்பேக் எழுதினேன். நண்பர்கள் இருபது நிமிஷத்துல அவனைத் தீர்த்துக்கட்டிட்டு பிரியாணி சாப்பிடக் கிளம்பிட்டாங்க. ஒருத்தன் மட்டும் செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டான்: "ஆமா, அவன் எதுக்குடா அந்த ஊர்ல இருந்தான்?"

எட்டுப் பக்கத்துல பதில் இருந்துச்சு. என்ன பிரயோஜனம்?

இதே கேள்வியை நமக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்கார். அதுலதான் இந்த வகை ஆட்டங்களோட வரலாறே ஒரு திருப்பம் திரும்புச்சு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974ல் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப் புத்தகத்திலேயே ரத்தக்காட்டேரி உண்டு. ஆனா அது பட்டியல்ல ஒரு வரி, அவ்வளவுதான். பகடை என்ன விழுதோ, அந்த ஜந்து எதிர்ல வரும். பாதாள அறையில எதைத் தின்னுச்சு, யாருக்காகக் காத்திருந்துச்சுன்னு யாரும் கேக்கலை. 1970களோட கடைசியில அப்படி ஒரு ஆட்டத்துல டிரேசி ஹிக்மேனுக்கு எதிர்ல ஒரு ரத்தக்காட்டேரி வந்து நின்னுச்சு. இதுக்கு இங்கே என்ன வேலைன்னு அவருக்கு உறுத்தல். மனைவி லாராவோட சேர்ந்து, காரணத்தோட இருக்கிற ஒரு காட்டேரியை உருவாக்க ஆரம்பிச்சார். 1983ல் டி.எஸ்.ஆர். நிறுவனம் அதை 'ரேவன்லாஃப்ட்'ங்கிற பேர்ல வெளியிட்டுச்சு. அதோட வில்லன் ஸ்ட்ராட் வான் ஸாரோவிச்.

கதை இதுதான். போர்லயே வாலிபத்தைத் தொலைச்ச பிரபு ஸ்ட்ராட். ஜெயிச்ச நாட்டுல கோட்டை கட்டிக் குடும்பத்தை வரவழைக்கிறான். தம்பி செர்கெய் இளமையா, அழகா வந்து இறங்குறான். இவன் மனசைப் பறிகொடுத்த தாத்யானாவோ தம்பியை விரும்புறா. இவனைப் பெரியவரா மட்டும்தான் பாக்குறா. சாவோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டு, கல்யாண நாளன்னைக்கே தம்பியைக் கொல்றான். அவ இவன் கையில சிக்காம கோட்டை மதிலிலிருந்து குதிச்சிடுறா. இவனுக்கு மட்டும் சாவு வரலை. இப்போ கீழே கிராமத்துல தாத்யானா ஜாடையிலேயே இரீனான்னு ஒரு பொண்ணு!

இதுல என்ன புதுசு, நம்ம ஊர்ப் பேய்ப் படத்துல ஃப்ளாஷ்பேக் இல்லாத பேய் எதுன்னு கேக்குறீங்களா? நியாயம்தான். மறுபிறவி எடுத்த காதலியைத் தேடுறதும் புதுசில்லை. 1932ல் 'தி மம்மி' படத்துல போரிஸ் கார்லாஃப் அதையேதான் பண்ணினார். (1897ல் வந்த பிராம் ஸ்டோக்கரோட டிராகுலா நாவல்ல இந்த விஷயமே கிடையாது. கொப்போலா 1992ல் எடுத்த படத்தைப் பார்த்துட்டு, ஸ்ட்ராட் அதோட காப்பின்னு சொல்றவங்க வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கணும்.)

புதுசு எங்கேன்னா, ஹிக்மேன் தம்பதி அந்தக் காரணத்தை ஆடுறவங்க கைக்கு எட்டுற இடத்துல வச்சாங்க. ஸ்ட்ராட் தன் கைப்பட எழுதின புத்தகம் ஒண்ணு கதைக்குள்ளேயே ஒளிஞ்சு கிடக்கு. தேடி எடுத்துப் படிக்கணும். இரீனா காகிதத்துல இருக்கிற பேர் இல்லை. உங்ககூட நடந்து வர்ற பொண்ணு. அவளைக் காப்பாத்தினாலே வில்லனோட குறுக்கே போறீங்க. இன்னொரு கில்லாடித்தனமும் உண்டு: மேடம் ஈவாங்கிற குறிசொல்றவ சீட்டு எடுப்பா. அந்தச் சீட்டுதான் இந்தத் தடவை ஸ்ட்ராட்டோட திட்டம் என்னன்னு முடிவு பண்ணும். பழைய காயம் ஒண்ணுதான், ஆனா இன்னைக்கு அவன் என்ன செய்யப் போறான்ங்கிறது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். என் எட்டுப் பக்கத்துல காயம் மட்டும்தான் இருந்துச்சு, இன்னைக்குக் காலையில எழுந்து அவன் என்ன பண்ணுவான்னு ஒரு வரி கிடையாது.

1981ல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கின 'கால் ஆஃப் கதுல்ஹு' வேற வழியில போச்சு. அதுல பூதங்களுக்கு மனுஷன் ஒரு பொருட்டே இல்லை. காரணமெல்லாம் அதுங்களைக் கும்பிடுற மனுஷங்களுக்குத்தான். 1991ல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆடுறவங்களையே காட்டேரியாக்கிடுச்சு. அதைப் பத்தித் தனியாத்தான் எழுதணும்.

ரேவன்லாஃப்ட் 1990ல் தனி உலகமாவே பெட்டியில வந்தப்போ, ஒவ்வொரு வில்லனுக்கும் ஒரு நாடு, அந்த நாடே அவனுக்குச் சிறைன்னு ஆச்சு. ஆசைப்பட்டது கண்ணெதிர்லயே இருக்கும், கைக்கு வராது. இங்கதான் எனக்கு ஒரு நெருடல். அப்படியே விட்டா வில்லன் மேல பரிதாபம் வந்துடுது. நாங்க ஸ்ட்ராட் கதையை ஆடினப்போ வந்துச்சு. அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடிச்சு நான் வாசிச்சுக் காட்டினதும், "பாவம்டா, லவ் ஃபெயிலியர்"னான் ஒருத்தன். எங்க குழுவுல இருந்த ஒரே தோழி மட்டும் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "இந்தப் புத்தகத்துல தாத்யானா எங்கேயாவது பேசுறாளா?"

புரட்டிப் பார்த்தேன். முழுக்க அவன் குரல்தான். நான், என் நாடு, என் வயசு, என் காதல்.

2016ல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' பதிப்போட முன்னுரையில டிரேசி ஹிக்மேனே இதைத் தொட்டிருக்கார். கொடுமை பண்றவனை நிறைய நேசிச்சா அவன் திருந்திடுவான்னு இன்றைய காட்டேரிக் கதைகள் சொல்றது பொய்ங்கிறது அவர் கட்சி. அதாவது நம்பும்படியான காரணம் வேணும்னு ஆரம்பிச்சு வச்சவரே, காரணம் வேற, நியாயம் வேறன்னு முப்பத்துமூணு வருஷம் கழிச்சு எழுத வேண்டியிருந்திருக்கு. ஸ்ட்ராட் அதைக் காதல்னு நம்புறான். அவன் நம்புறதை நாமும் நம்பணும்னு யார் சொன்னது?

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல அந்தத் தோழியோட பாத்திரம் இரீனாவைத் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டுச்சு. நான் திருதிருன்னு முழிச்சேன். வில்லனுக்குத்தான் பக்கம் பக்கமா குறிப்பு வச்சிருந்தேன். அஞ்சு நிமிஷம் இடைவேளை கேட்டுட்டு, டீ போடுற சாக்குல சமையல் ரூமுக்குப் போய் யோசிச்சேன்.