உடைஞ்ச கணுக்காலை ஏன் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கிறோம்?

1/ கணுக்கால் முறிஞ்சு வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி: "டாக்டர், ஆபரேஷன் வேணுமா?" எலும்பு உடைஞ்சிருக்கா என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூட்டு விலகாமல் நிற்குமா? அதைப் படத்தில் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை இது.

2/ 1760களின் இறுதியில் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார்: வெளிப்பக்க எலும்பான ஃபிபுலா முறிந்து, உள்பக்க லிகமென்ட்டும் கிழிந்தால் பாதம் வெளிப்பக்கமா விலகிடும். எக்ஸ்ரே இல்லாத காலம். கண்ணும் கையும்தான் கருவி.

3/ 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்தார். எலும்பு தெளிவா தெரிஞ்சுது. லிகமென்ட் தெரியலை!

4/ 1950 வாக்கில் டென்மார்க்கின் லாகே-ஹேன்சன், இறந்தவர்களின் கால்களை முறுக்கிப் பார்த்தார். பாதம் வெளிப்பக்கம் திருகும் ஒரு வகை முறிவில் ஃபிபுலா முன்னாடியே உடையும், உள்பக்கம் கடைசியாகத்தான் போகும். அதாவது, ஒரே மாதிரி ஃபிபுலா முறிவு உள்ள ரெண்டு பேரில் ஒருத்தருக்கு மூட்டு உறுதியா இருக்கும், இன்னொருத்தருக்கு இருக்காது.

5/ 1976ல் ராம்சே, ஹாமில்டன் இருவரும் அளந்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் டேலஸ் எலும்பு 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே, எலும்புகள் தொடும் பரப்பு சராசரியா 42% குறைஞ்சுது. தேய்மானம் வருமோ என்ற பயத்தில் ஆபரேஷன் பக்கம் சாய இது பெரிய காரணமாச்சு.

6/ சரி, விலகுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மருத்துவர் பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பும்போதே படம் எடுத்தார்கள். வலிக்கும். அப்புறம் பாதத்தை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, அதன் எடையே இழுக்கும்படி எடுத்தார்கள். ரெண்டிலும் பார்ப்பது உள்பக்க இடைவெளி விரியுதா என்பதைத்தான்.

7/ ஆனால் லிகமென்ட் பாதி கிழிந்தாலும் இப்படி இழுத்தால் இடைவெளி விரியலாம். அதே ஆள் எழுந்து நின்றால், உடல் எடையில் எலும்புகள் அதனதன் இடத்தில் பொருந்திடலாம்! 2010ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள், நிற்க வைத்து எடுத்த படத்தை வைத்தே பலரை ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தியதைப் பதிவு செய்தார்கள்.

8/ 2019ல் பின்லாந்தில் 247 பேரிடம் நடந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. உறுதியான ஃபிபுலா முறிவுக்கு 6 வாரக் கட்டு கட்டாயமில்லை, 3 வாரமே போதும்.

9/ ஒரு எச்சரிக்கை. உள்பக்க எலும்பும் உடைந்திருந்தாலோ, முதல் படத்திலேயே மூட்டு விலகியிருந்தாலோ இது பொருந்தாது. நீங்களாக எழுந்து நின்று சோதிக்கவே கூடாது.

10/ ஃபிபுலா மட்டும் முறிந்து, மூட்டு நேராகத் தெரிந்தால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்க: "மூட்டு உறுதியா இருக்கான்னு பார்த்தீங்களா?" அந்த ஒரு படம் தேவையில்லாத ஆபரேஷனையும் தவிர்க்கும், தேவையான ஆபரேஷனைத் தவறவிடாமலும் காக்கும்.