பழுப்பு உறையும் இணைய உறையும்

தென்காசியிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் ஒருவர் ஸ்கேன் ஃபிலிம் வைத்த பெரிய பழுப்பு உறையை மடியில் கிடத்தியிருந்தால், எங்கே போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. உறையை மடிக்கக் கூடாது, மழையில் நனைக்கக் கூடாது. அதே பயணத்தை இன்று ஒரு மருத்துவமனையின் சேமிப்பகத்திலிருந்து இன்னொன்றின் திரைக்கு டைகாம் (DICOM) என்ற மருத்துவப் படக் கோப்பு ஒன்று இணையவழியே செய்கிறது. வேகத்தில் எது முந்தும் என்பது கேள்வியே அல்ல.

ஃபிலிம், யாரோ எடுத்து முடித்த முடிவு. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் தெளிவாகத் தெரிய ஒரு வெளிச்ச அளவு, எலும்புக்கு வேறொன்று. டெக்னீஷியன் தேர்ந்து அச்சிட்டதே மருத்துவர் காண்பது. கோப்பில் அந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. மதுரை மருத்துவர் தமக்கு வேண்டியபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுகளையும் ஒன்றுவிடாமல் புரட்டலாம். இதில் ஃபிலிம் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பாதுகாப்பில்தான் இரண்டும் எதிர்பாராத உறவினர்கள். ஃபிலிமின் மூலையில் பெயர், வயது, தேதி அச்சாகியிருக்கும்; டைகாம் கோப்பின் தலைப்பகுதியிலும் அவையே பதிந்திருக்கும். படத்துக்கென்று தனிப் பூட்டு பொதுவாக இரண்டிலும் கிடையாது. காவல் முழுவதும் உறையின் பொறுப்பு: அங்கே தாள் உறையும் அதைப் பிடித்திருக்கும் கையும், இங்கே மறையாக்கமும் கடவுச்சொல்லும். எக்ஸ்ரேயைக் கண்டறிந்த ரான்ட்ஜன், மனைவியின் கை எலும்பும் மோதிரமும் தெரியும் படத்தை 1896 புத்தாண்டில் சக அறிவியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். பகிர்வு தொடங்கியதே உறைக்குள்தான்.

உறை பிரிந்தால் நேர்வது மட்டும் ஒன்றல்ல. ஃபிலிமைப் பேருந்தில் மறந்தால் போவது ஒருவரின் படம். கோப்பில் அப்படியல்ல. 2019இல் கிரீன்போன் என்ற ஜெர்மானிய நிறுவனம் மருத்துவப் படச் சேமிப்பகங்களைத் தேடியபோது, 52 நாடுகளில் 2.4 கோடி நோயாளிப் பதிவுகள் இணையத்தில் திறந்து கிடந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே போடப்படவில்லை.

ஃபிலிம் வெல்லும் இடமும் உண்டு. ஓர் ஊரில் 'முத்துலட்சுமி எஸ்' என்று ஆங்கிலத்தில் பதிவானவர், மறு ஊரில் 'எஸ். முத்துலெட்சுமி' ஆகிவிடுகிறார். கணினிக்கு இவர்கள் இருவர். பழைய படமும் புதிய படமும் சந்திப்பதே இல்லை. ஃபிலிமுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. "இது என்னோடதுதான் டாக்டர்" என்று சொல்ல உரியவரே கூட வருகிறார். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆபா (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) என்ற 14 இலக்க எண்.

ஒப்புதலிலும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. உறையை மேசைமேல் நீட்டுவதே அன்றைய ஒப்புதல். இன்று ஓடிபியைச் சொல்வது. ஆனால் நீட்டியது முத்துலட்சுமியின் கை. ஓடிபி வருவதோ பல வீடுகளில் மகனின் போனுக்கு. கருவி முன்னேறிய இடத்தில் உரிமை ஓரடி பின்வாங்கியிருக்கிறது என்றே சொல்வேன்.

ஆகவே, ஸ்கேன் லிங்க் வந்தால் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சிகிச்சை முடியும்வரை பீரோ மேலிருக்கும் பழுப்பு உறையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.